சஷ்டி விரதமும் நான் தாண்டிப்போன கேள்வியும்

சென்ற ஆண்டு கந்தசஷ்டி நேரம். ஜேர்மனியின் ரூர் பகுதியில், நான் மருத்துவம் படிக்கும் ஊரின் ஆஸ்பத்திரியில் இது நடந்தது.

படிக்க வருவதற்கு முன் சில ஆண்டுகள் ஃபிசிஷியன் அசிஸ்டென்டாக, அதாவது டொக்டர்களுக்கு உதவியாளராக வேலை செய்தேன். இரத்தம் எடுப்பது, காயம் தைப்பது, நோயாளியிடம் விபரம் கேட்டு எழுதுவது எல்லாம் என் வேலை. அதைக் கணக்கில் எடுத்து, தொடக்கப் பாடங்கள் சிலவற்றைக் கழித்து, மருத்துவப் படிப்பில் மேல் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வேலையில் இருந்தபோது தமிழ் நோயாளி யார் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இனி நான் டொக்டர், மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

அன்று காலை வார்டில் எங்களுக்குப் பயிற்சி. காலில் புண்ணோடு முந்தைய நாள் சேர்க்கப்பட்ட தமிழ் அம்மா ஒருவர். சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், உண்டு. அவரிடம் விபரம் கேட்கும் முறை எனக்கு வந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தமிழ்ப் பிள்ளையோ? அப்பாடா! ஊரில எந்த இடம்?"

கூடப் படிப்பவர்களும் பெரிய டொக்டரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பயிற்சி டொச், அதாவது ஜேர்மன் மொழியில்தான், அதிலேயே பேசுங்கள் என்று ஜேர்மனிலேயே சொன்னேன்.

"ஓம் பிள்ளை, ஆனா ஒரு விஷயம் சொல்லோணும்..."

அதையும் ஜேர்மனிலேயே நிறுத்தினேன். வலி, காய்ச்சல், ஒவ்வாமை, மருந்துகள், பழைய நோய்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் தெரிந்த அளவில் பதில் சொன்னார். சாப்பாட்டைப் பற்றிய கேள்வியும் வரிசையில் உண்டு. அது புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்கும் கேள்வி என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். பாதியில் போன் பேச வெளியே போய்த் திரும்பிய டொக்டர் பாராட்டினார்.

அடுத்த அறைக்குப் போன சிறிது நேரத்தில், இரத்த அழுத்தம் பார்க்க அங்கேயே நின்ற சக மாணவி கத்திக் கூப்பிட்டாள். ஓடிப்போனோம். அம்மாவுக்கு உடலெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மாணவி காலைச் சாப்பாட்டுத் தட்டின் மூடியைத் தூக்கிக் காட்டினாள். எதுவும் தொடப்படவில்லை. இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார்.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கச் சொன்னார் டொக்டர். அப்போதுதான் என் வாயில் தமிழ் வந்தது.

"சஷ்டி விரதம் பிள்ளை. காலமை குளிசை தந்தவை, போட்டிட்டன்." வெறும் வயிற்றில் போட்ட அந்த மாத்திரைதான் சீனியை இறக்கியிருந்தது.

"யாரும் உங்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லையா?" என்றார் டொக்டர். அதையும் மொழிபெயர்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"நீங்கள் கேட்டனீங்கள், நான்தான் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான் அதை ஒரு சொல் மாறாமல் ஜேர்மனில் சொன்னேன். டொக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மத்தியானம் வரைதான் தாங்க முடிந்தது. டொக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தக் குறிப்பை நீங்களே திருத்தி எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார். எழுதி முடித்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அட, அதுக்கென்ன," என்று சிரித்தார். "என்ர மகளும் ஆக்களுக்கு முன்னால என்னோட டொச்சிலதான் கதைப்பாள். எனக்குப் பழகிட்டுது."

அவர் என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். எனக்கோ தலை நிமிரவில்லை.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் "சாப்பிட்டீங்களோ?" என்றுதான் கேட்போம். இப்போது தமிழ் நோயாளி யாரைக் கண்டாலும், பக்கத்தில் யார் நின்றாலும், அதைத் தமிழிலேயே கேட்கிறேன். கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவிடம் கேட்காமல் விட்டதுதான் நினைவுக்கு வருகிறது.