ஏரோது கையில் பாலகன்

பத்தாம் வகுப்பு தாண்டாத நான் வேத விஷயத்தை எழுதலாமா என்று பயந்து, இத்தனை வருஷமாகப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். ஆனாலும் டிசம்பர் பிறந்து வைக்கோல் வாசமும் புதுச் சுண்ணாம்பு வாசமும் மூக்கில் ஏறினால் மனசு சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

சங்கரன்கோவிலில் எங்கள் சின்னச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்தில், முன்னணை என்கிற வைக்கோல் பரப்பிய மாட்டுத் தொட்டியில் பொம்மையைக் கிடத்த மாட்டார்கள். சபையில் அந்த வருஷம் கடைசியாகப் பிறந்த பிள்ளை எதுவோ, அதுதான் "பாலகன்". "ஆண்டவரு நெசப் பிள்ளையாத்தான வந்தாரு? அழுதுருப்பாரு, துணிய நனைச்சிருப்பாரு" என்பார் எங்கள் போதகர்.

நான் மரியாளாக நடித்த வருஷம் கடைசிப் பிள்ளை சித்தப்பாவின் மகன். அதில்தான் சிக்கல். விசைத்தறிக் கூடத்தைப் பாகம் பிரித்தபோது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எழும்பி, பேச்சு நின்றுபோயிருந்தது. பிள்ளை பிறந்தும் அப்பா போய்ப் பார்க்கவில்லை, எங்களையும் விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதால், அம்மா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாள். "தப்புப் பண்ணுனவன் அவன். அவன்தாம் மொதல்ல வரணும்" என்பதே அப்பாவின் ஒரே பேச்சு.

அப்பாவுக்கு வருஷா வருஷம், பாலகன் இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜா வேஷம். மீசையும் தொண்டையும் அப்படி. நாடகத்தன்று சாயங்காலம் ஜிகினாக் கிரீடத்தோடு வந்து, "எங்கே அந்தப் பாலகன்?" என்று அவர் கர்ஜித்ததும் பிள்ளை வீறிட்டு அழுதான். நான் தூக்கிப் பார்த்தேன், யோசேப்பு தட்டிக்கொடுத்தான், மேய்ப்பர்கள் கிலுகிலுப்பை ஆட்டினார்கள், அடங்கவில்லை. முன்வரிசையில் சித்தி பதறி எழுந்தாள். அப்பா அட்டை வாளைக் கீழே போட்டுவிட்டு, என் கையிலிருந்து பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அவன் அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுகையை நிறுத்தினான். ராஜ உடுப்பும் நனைந்தது.

"வே ஏரோது! கொல்ல வந்தீரா, கொஞ்ச வந்தீரா?" என்று யாரோ கத்த, சபையே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் சித்தப்பாவின் குரல் கேட்டது: "அண்ணே, கழுத்தப் பாத்துப் புடி."

"எனக்குத் தெரியும்ல. ஒன்னயத் தூக்கி வளத்தவன்தான நானு" என்றார் அப்பா.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அப்பாதான் முதலில் சித்தப்பா வீட்டுப் படி ஏறினார். சித்தப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். "யாரு தப்புன்னு பேச வேண்டாம்ல. எல்லாம் எம்மேல இருக்கட்டும். எந்திரி, பசிக்கி, சேந்து சாப்புடுவோம்" என்றார் அப்பா. பொங்கலுக்குள் சுவரை இடித்தோம். நாங்கள் பிள்ளைகளெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே செங்கல் சுமந்தோம்.

மனுஷன் திருந்தி வரட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. நாம் முறைத்துக்கொண்டு நிற்கும்போதே பிள்ளையாக வந்தார், நம் குற்றத்தையெல்லாம் தம்மேல் போட்டுக்கொண்டு சிலுவை சுமந்தார். நாம் கை நீட்டி அவரை ஏற்றுக்கொண்டால் போதும், அதுதான் இரட்சிப்பு. பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டதுதான், எனக்குப் புரிந்தது அந்த வருஷம்தான்.

இப்போது அப்பா ஆண்டவரிடம் போய்விட்டார். பச்சைப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சபையிலும் பொம்மையே வைக்கிறார்கள். அன்றைய பாலகனுக்கு மீசை வந்து, போன வருஷம் அவனே ஏரோதாக நின்று உறுமினான். நான் சிரித்துச் சிரித்துக் கண் துடைத்தேன்.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அப்பாவை ஒரு மேய்ப்பனாகவோ, காணிக்கையோடு பாலகனைத் தேடி வந்த சாஸ்திரியாகவோ நல்லவராக்கி மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏரோதாக இருக்கும்போதுதான் அந்தப் பிள்ளை அவர் கைக்கு வந்தது.