மருந்துக்கண்டு

கமலாம்பிகை பேஸ்மென்ற் தரையில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை விரித்துப்போட்டு இலை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெட்டிய கிளைகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து, அகன்ற இலைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தள்ளிவிட்டு, பூக்களை மட்டும் தட்டில் சேர்த்தாள். பலாப்பழம் வெட்ட உட்காருகிறவர்களைப் போல இரண்டு கைகளிலும் தேங்காயெண்ணெய் பூசியிருந்தாள். பூசாமல் தொட்டால் பிசின் விரலை விடாது. பிறகு அது தேத்தண்ணிக் கேத்தில் பிடியிலும் கதவிலும் ஒட்டிக் கிடந்து வீடு முழுக்க மணக்கும்.

"இஞ்ச, அந்த விளம்பரத்துக்கு மேல போடாதையும்," என்றார் அவள் கணவர் கந்தப்போடி. சோபாவில் கால்களை நீட்டியபடி அவர் தரையில் கிடந்த பத்திரிகையைத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தார். "ஸ்ரௌவ்வில்ல புது வீடாம். ரெண்டு கார் விடலாமாம்."

"வாங்கப்போறீங்களோ?"

"வாசிக்கிறதுக்கும் காசு கேக்கிறாங்களோ?"

அவர் வெயர்ஹவுஸில் வேலை செய்தவர். மேல்தட்டிலிருந்து சரிந்த பெட்டிகள் முதுகில் விழுந்தபின் நடை ஓரளவு திரும்பியது. போகாமல் நின்றது கால் இழுப்பு. தொடையிலிருந்து பாதம் வரை தசை முறுக்கிக்கொள்ளும். அந்த நேரம் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். ஆஸ்பத்திரியில் பலமான குளிசை கொடுத்தார்கள். முறுக்குக் குறைந்தது, கூடவே ஆளும் குறைந்துபோனார். பகல் முழுக்கத் தூங்கினார். சாப்பாட்டுக் கோப்பையில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். ஒருநாள், கஞ்சியோடு படியிறங்கி வந்த சொந்தத் தங்கை நாகமணியைப் பார்த்து, "பிள்ளை, நீர் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டார். நாகமணி கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு அழுதுகொண்டே மேலே ஓடினாள்.

அந்த வீடு நாகமணியினுடையது. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம், பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட. மேலே நாகமணியும் அவள் கணவர் தியாகலிங்கமும், கீழே அண்ணனும் மச்சாளும் வாடகைக்கு. மட்டக்களப்பிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் இரண்டு குடும்பமும் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரே தளத்தில் இருந்தவர்கள். ஒரு வீட்டுப் பானையில் மற்ற வீட்டு அகப்பை கிடந்தது.

கஞ்சா எண்ணெயைப் பற்றி முதலில் சொன்னவர் வலிக்குப் பார்க்கும் ஒரு டொக்டர். அப்போது அது இந்த நாட்டில் எல்லாருக்கும் குற்றம். டொக்டர் நோயென்று எழுதிக் கொடுத்த வருத்தக்காரருக்கு மட்டும் அனுமதி. மகள் தனுசியா மொழிபெயர்த்து முடிக்கமுன் கமலாம்பிகை எழும்பிவிட்டாள். "ஒரு பீடியும் வாயில வைக்காத மனுசன். இந்தாள் என்ர மனுசனைக் குடிகாரனாக்கப் பாக்கிறாரோ? இவரும் ஒரு டொக்டரோ?" ஏச்சு தமிழில் இருந்ததால் டொக்டர் புன்னகையோடு தலையாட்டினார். தனுசியா, "அம்மா நன்றி சொல்றா," என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தாள்.

கடைசியில் தனுசியாதான் தபாலில் எண்ணெயை எடுப்பித்து அப்பாவுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் கமலாம்பிகை சமையலறையிலிருந்து திரும்பியபோது கந்தப்போடி கட்டிலில் உட்கார்ந்து தானே குனிந்து சொக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மறுபடி சமையலறைக்குப் போய், அடுப்பில் ஒன்றுமே இல்லாத சட்டியைத் துலாவிக்கொண்டு நின்றாள்.

தபாலில் வாங்கியது கட்டுப்படியாகவில்லை. தனுசியா ஒட்டாவாவிலிருக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு எழுதி, கண்டை வீட்டில் வளர்க்க அனுமதி எடுத்தாள். நோயாளி கந்தப்போடி, அவருக்காகப் பயிர் செய்யும் உரிமை பெற்றவர் கமலாம்பிகை. பாண் சுடும் பேக்டரியில் காலம் கழித்த ஒரு மனுசிக்கு அரசாங்கம் கொடுத்த ஒரேயொரு பதவி அதுதான். அடுக்குமாடியின் அலுமாரிக்குள் விளக்குப் போட்டுப் பனிக்காலம் முழுக்கக் கறிவேப்பிலையைச் சாகாமல் காத்தவளுக்கு இது பெரிய வித்தையாக இருக்கவில்லை. மணம் வெளியே போகச் சுவரில் ஓட்டை போட்டு, கரி வடிகட்டி பூட்டிய விசிறியை வைத்துத் தந்தவர் தியாகலிங்கம். "மருந்துதானே அக்கா, வையுங்கோ," என்றார். விருந்துக்கு வந்தவர்களைக் கீழே கூட்டிவந்து காட்டவும் செய்தார். "கவுண்மென்ற் அனுமதியோட மருந்துக்கண்டு நிக்கிற வீடு, ஸ்காபரோவில எத்தினை இருக்கும் சொல்லுங்கோ?"

அப்போது அந்த வீட்டில் யாரும் கஞ்சா என்று சொன்னதில்லை. கன்றைச் சொன்னால் மருந்துக்கண்டு, எண்ணெயைச் சொன்னால் மருந்தெண்ணெய்.

பிறகு சட்டம் மாறியது. யாரும் வாங்கலாம், யாரும் புகைக்கலாம், வீட்டுக்கு நாலு கண்டு யாரும் வளர்க்கலாம். இனித் தங்களுக்கு லேசாக இருக்கும் என்றுதான் கமலாம்பிகை நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் எரிச்சல். வலிக்குப் பார்த்த டொக்டர் போய்விட்டார். அனுமதியைப் புதுப்பிக்கக் கையெழுத்துக் கேட்டால், வந்த புதியவர், "கடையில் கிடைக்கிற சாமானுக்கு என் கையெழுத்து எதற்கு?" என்று வருடாவருடம் கேட்டு, வருடாவருடம் இழுத்தடித்துப் போட்டார். ஆளை மரக்கட்டையாக்கிய குளிசைக்கு வரி கிடையாது, முதியவர்களுக்கு அரசாங்கமே அதன் செலவை ஏற்கும். ஆளை எழுப்பி உட்கார வைத்த எண்ணெயை வாங்கினால் வரிக்கு மேல் வரி, ஒரு சதமும் திரும்பாது. இது எந்த ஊர் நியாயம் என்று அவள் கேட்காத ஆள் இல்லை. பதில் சொன்ன ஆளும் இல்லை.

ஒருமுறை பூச்சி விழுந்து கண்டுகள் பட்டுப்போனபோது அவளும் தனுசியாவும் கஞ்சாக் கடைக்கே போனார்கள். எல்லாவற்றுக்கும் பழத்தின் பெயரும் ஐஸ்கிரீமின் பெயரும். அங்கே வேலைக்கு நின்ற பவ்யா, தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளை.

"உங்களுக்கு எந்த மாதிரி ஃபீல் வேணும் ஆன்ட்டி?"

"கால் இழுக்காத ஃபீல்."

பவ்யா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "மெடிக்கலா நாங்க எதுவும் சொல்லக்கூடாது ஆன்ட்டி. ரூல். சொன்னா என் வேலை போயிடும்," என்றாள்.

எதையோ வாங்கி வந்து கொடுத்ததில் கந்தப்போடிக்குத் தலை சுற்றியது. இழுப்பு நிற்கவில்லை. அடுத்த அறுவடை வரை அவர் பழைய குளிசைக்குத் திரும்பினார். அந்த நாட்களைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

இப்போது வந்திருப்பது வேறு வினை. தியாகலிங்கத்துக்குப் பக்கத்துப் பிளாசாவில் ஒரு கடையறை இருந்தது. சேலைக்கடை ஓடாமல் மூடிய இடம். அதை அவர் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு கஞ்சாக் கடைக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். நல்ல வாடகை, நீண்ட ஒப்பந்தம். அதிலும் ஒரு குறையுமில்லை. ஆனால் ஒரு கலியாண மண்டபத்தில், சாப்பாட்டு மேசையில், நண்பர் அருள்நாயகம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ன தியாகு, தோட்டம் வீட்டுக்குக் கீழ, சந்தை பிளாசாவிலயோ? நல்ல வியாபாரம்!" மேசை முழுக்கச் சிரித்தது. கிழமை முடியமுன் கதை கோயிலடி வரை போய்விட்டது. தியாகலிங்கம் பேஸ்மென்றில் வளர்த்துக் கடையில் விற்கப்போகிறார் என்று.

தனுசியாவின் காதுக்கும் அது வந்து, அவள் போனில் சொல்லியிருந்தாள். "மாமா கண்டுகளை எடுக்கச் சொல்லப்போறார் அம்மா. ஹி கான்ற் டூ தற். வருத்தக்காரரை அப்பிடிச் செய்யேலாது. கேஸ் போடலாம். நாங்கள் வெல்லுவம்."

"வெண்டு?" என்று கேட்டார் கந்தப்போடி. "வெண்டிட்டுத் தங்கச்சியின்ர வீட்டுக்குள்ள எந்த முகத்தோட இருக்கிறது?"

ஆகவே, இலை ஆய்ந்துகொண்டிருந்த அன்று தியாகலிங்கமும் நாகமணியும் ஒன்றாகப் படியிறங்கி வந்தபோது கமலாம்பிகைக்கு விஷயம் தெரியும். கையைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மறுபடி தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அக்கா, கோவிக்கக்கூடாது," என்று தொடங்கினார் தியாகலிங்கம்.

"கோவிக்கிற கதையெண்டால் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சொல்லுங்கோ தம்பி. ஆறிப்போகும்."

அவர் குடிக்கவில்லை. "உந்தக் கஞ்சாக்கண்டுகளை எடுக்கவேணும். கடை திறக்கமுன்."

"எந்தக் கடை?"

"பிளாசாக் கடை."

"உங்கட கஞ்சாக் கடை."

"என்ர கடையில்லை அக்கா. லைசன்ஸ் எடுத்த பெடியள் நடத்துறாங்கள். வாடகை தாறாங்கள், அவ்வளவுதான்."

"நாங்களும் லைசன்ஸ் எடுத்த ஆக்கள்தான். நாங்களும் வாடகை தாறம்."

கந்தப்போடிக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக்கினார்.

"பகிடியில்லை அக்கா. நான் கோயில் நிர்வாகசபையில இருக்கிறன். அருள்நாயகம் கலியாணவீட்டில ஆக்களுக்கு நடுவில வைச்சுக் கேக்கிறான். எனக்கு ஒரு மரியாதை இல்லையோ?"

"அருள்நாயகத்தாரின்ர வாயை மூட இவற்ற காலை முறுக்கவேணுமோ?"

"மணமும் மச்சாள்," என்றாள் நாகமணி, யாரையும் பார்க்காமல். "சாமி அறை வரைக்கும் வருகுது."

"நீ கருவாடு பொரிக்கேக்க அந்த மணம் சாமி அறை வாசல்ல செருப்பைக் கழட்டிப்போட்டு வெளியிலயோ நிக்குது? கரி வடிகட்டி பழசாப்போச்சு, மாத்தவேணும் எண்டு போன வின்ரரிலயே சொன்னனான். ஒருத்தரும் வரேல்ல."

"நாலு கண்டுதானே சட்டம்?" என்றார் தியாகலிங்கம். "இஞ்ச அதுக்குக் கூட நிக்குது."

"அது சும்மா வளக்கிற ஆக்களுக்கு. வருத்தக்காரற்ற கணக்கு வேற. இதை விருந்தாளியளுக்கு விளங்கப்படுத்தினதே நீங்கள்தான். சுவரில ஓட்டை போடேக்க இது மருந்து. இப்ப என்னெண்டு கஞ்சாவா மாறினது?"

"அது அந்தக் காலம் அக்கா. அப்ப சட்டம் வேற."

"ஓம். அப்ப ஊருக்கு இது குற்றம், எங்களுக்கு மருந்து. இப்ப ஊருக்கு இது வியாபாரம், எங்களுக்குக் குற்றம்."

தியாகலிங்கம் கெட்ட மனிதரல்ல. கந்தப்போடியைத் தூக்கிக் காரில் ஏற்றியவர், ஆஸ்பத்திரி வாசலில் குளிரில் நின்றவர். அதனால்தான் அவருடைய அடுத்த வார்த்தை அவ்வளவு மோசமாக விழுந்தது. முகம் மலர, பெரிய உதவியொன்றைக் கண்டுபிடித்தவர்போல, முன்னுக்குச் சாய்ந்தார்.

"நான் எல்லாம் யோசிச்சிட்டன் அக்கா. கடை பக்கத்திலதானே. பெடியளோட கதைச்சு உங்களுக்கு டிஸ்கவுன்ற் எடுத்துத் தாறன். சொந்தக்காரர் விலை."

கத்தரிக்கோல் நின்றது.

"தம்பி," என்றாள் கமலாம்பிகை. குரல் உயரவில்லை. எண்ணெய்க் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலுக்கு மேலே பிடித்திருந்தாள். "அங்க போய் நான் என்னெண்டு கேக்கிறது? கால் இழுக்குது எண்டால் அதுக்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளையளைச் சட்டம் விடாது. உங்கட கடைக்கு வாறவைக்கு ஒரு வருத்தமுமில்லை, எல்லாருக்கும் சந்தோசம்தான் வேணும். அவைக்கு லைற் போட்டு, கண்ணாடி போட்டு, ரிபன் வெட்டிக் கதவு திறக்கிறியள். இந்த மனுசன் ஒரு கதவும் கேக்கேல்ல. ஒரு ஓட்டை. நீங்களே போட்ட ஓட்டை. அதை அடைக்கச் சொல்லி வந்து நிக்கிறியள். அதுக்கு டிஸ்கவுன்றோ?"

"அக்கா, நான் உங்களைப் போகச் சொல்லேல்லையே. கண்டை மட்டும்தான்…"

"கண்டில்லாமல் இவர் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தியாகலிங்கம் மனைவியைப் பார்த்தார். நாகமணி தன் கோப்பையின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கந்தப்போடி சோபாவின் கைப்பிடியை ஊன்றினார். கமலாம்பிகை எழப்போனாள், வேண்டாம் என்று தலையசைத்தார். முதலில் ஒரு கால், பிறகு மற்றது, மெதுவாகத் தானே எழுந்து நின்றார். பத்திரிகையையும் இலைக் குவியலையும் சுற்றிக்கொண்டு தங்கை இருந்த கதிரைக்கு முன்னால் போனார்.

"நாகமணி."

அவள் நிமிரவில்லை.

"மச்சானோட எனக்குக் கோவமில்லை. அவருக்கு ஊர் வாய், அவருக்கு அது பெரிசு. வீடு உன்ர. நீ சொல்லு, நான் கேக்கிறன்." கால் மெல்ல நடுங்கியது. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நான் திரும்பக் குளிசையைக் குடிக்கிறதோ?"

நாகமணி அண்ணனின் கால்களைப் பார்த்தாள். சொக்ஸ் நேராக, மடிப்பில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. பிறகு எழுந்து, கணவர் குடிக்காத தேத்தண்ணியையும் தன் வெறும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு, அண்ணனைத் தொடாமல் விலகி, படியேறிப் போனாள்.