மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

என் வீட்டுக்காரர் மெக்கானிக். பழைய இரும்புக் கடையில் கிடந்த தாத்தா காலத்துக் கார் ஒன்றை இழுத்து வந்து, கூரையைத் தாழ வெட்டி, லாரி இன்ஜினை உள்ளே திணித்து, பந்தய வண்டி ஆக்குகிறேன் பேர்வழி என்று மூன்று வருஷம் அதன் அடியிலேயே கிடந்தார். நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன்.

ஆனால் தொழிலில் மனிதர் சுத்தம். ஒரு நட்டைக் கடைசியாக இறுக்கிவிட்டால் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இல்லாத நட்டோடு எந்த வண்டியும் பட்டறையை விட்டு நகராது.

அன்று காலை என் தம்பி வந்தான். முதல் ஓட்டம் எனக்குத்தான் என்று மாதக்கணக்காக அவரை நச்சரித்தவன். அவர் கடைக்குப் போயிருந்தார். அவனும் விவரமானவன்தான், என்னை டார்ச் பிடிக்கச் சொல்லி, வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தான். எல்லாம் இருந்தன. சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நிமிஷத்தில் அவர் வந்தார். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டியரிங் நட்டை இன்னும் இறுக்கவில்லையாம். அது கழலாமல் இருக்கச் செருகும் இரும்புப் பின் ஒன்று வாங்கத்தான் கடைக்கே போயிருக்கிறார். திறந்த பெயிண்ட் டப்பா காய்ந்து வீணாகிவிடுமே என்று, இறுக்குவதற்கு முன்பே அதற்கும் சேர்த்துப் பொட்டு வைத்துவிட்டார். இருபது வருஷத் தொழிலில் அந்த ஒரு நாள் மட்டும்.

போன் மேல் போன் போட்டோம். அந்த இன்ஜின் போடும் சத்தத்தில் யார் காதில் விழும்? ஸ்கூட்டரில் ஏறினோம். அது மேட்டில் முக்கி முனகியது. எங்கோ தூரத்தில் காரின் உறுமல் கேட்டது. அது கேட்கிற வரைக்கும் என் தம்பி உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இவர் அழுதுகொண்டே ஓட்டினார்.

"மூணாவது கியர் போட்டுட்டான். நாலாவது போடாத மாப்ளே, போடாதடா."

நான் அவர் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாவி கொடுத்த என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அப்போது சத்தம் நின்றது.

வளைவில் இருந்த கிடங்குச் சுவரில் கார் செருகிக் கிடந்தது. தம்பியின் வலது கால் இன்ஜினுக்கு அடியில் சிக்கியிருந்தது. நினைவு இருந்தது. இவரைப் பார்த்ததும் அழுதான்.

"நான்தான் மாமா வளைவுல ஸ்டியரிங்க வேகமா ஒடிச்சிட்டேன். உங்க மூணு வருஷ உழைப்பு. மன்னிச்சிருங்க."

அவர் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவன் தலையைத் தடவி, "விடு மாப்ளே, வண்டிதானே" என்றார். நட்டைப் பற்றி நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு வாரம் தவறாமல் வருகிறான். வேறு யாராவது என்றால் என்னைக் கொன்றிருப்பார்கள், மாமாவுக்குப் பெரிய மனசு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறான்.

"ஒரு வார்த்தை திட்டலையே அக்கா" என்கிறான்.

ஆமாம்டா என்கிறேன்.