பெரியம்மாவின் பத்தியமும் கண்ணாடிப் பெட்டிப் பாப்பாவும்

அம்மாவின் மருத்துவமனைச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதி முத்திரையில் டிசம்பர் மட்டும் தெரிகிறது; ஆண்டு மங்கிவிட்டது. பீன்யா தொழிற்பேட்டைக்கு இன்னும் மெட்ரோ ஓடத் தொடங்காததால் அப்பா தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போய்வந்த காலம் அது. நான் மூன்றாம் வகுப்பு. கர்ப்பப்பையும் இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டன என்று சீட்டில் இருக்கிறது. கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதன்பின் உடம்பில் எழப்போகும் வெக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் குறையைப் பெரியம்மா தீர்த்துவைத்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் குடியாத்தத்திலிருந்து வந்திருந்த அவளுக்கு, கர்ப்பப்பை என்றால் தெரிந்தது ஒரே வைத்தியம்தான்: பிள்ளை பெற்றவளுக்குச் செய்வது. எங்கள் ஒக்கலிபுரத்து வீட்டின் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அம்மாவின் தலையில் மஃப்ளர், காதில் பஞ்சு, காலில் கம்பளி உறை. காலையில் லேகியம், மதியம் பூண்டுக் குழம்பு, மாலையில் மிளகு ரசம், நடுநடுவே சுக்குக் காப்பி. ஃபேன் சுவிட்ச் பக்கம் யாராவது போனால், "பச்ச உடம்புடி, காத்து பட்டா ஜன்னி கண்டுடும்" என்பாள்.

இதையெல்லாம் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அந்த ஆண்டு மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கன்னடக்கார அக்கா பிரசவித்தபோது, இதேபோல் தலையைக் கட்டிக்கொண்டு, சாத்திய அறையில் பூண்டு வாசனையோடு கிடந்தாள். எடை போதாத அவள் குழந்தை மட்டும் சில நாட்கள் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டுப் பிறகு வந்தது. வந்த அன்றே அவளுடைய மூத்த பையனின் தலையணை கூடத்துக்கு மாற்றப்பட்டது.

ஆகவே எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பாப்பா இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். ஆண் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவனை நான் மனமார வெறுத்தேன். லேகியத்துக்குப் பெரியம்மா ஊற்றும் நெய்யைப் பார்க்கையில் வயிறு எரியும்; என் சோற்றில் அவ்வளவு நெய் ஒருநாளும் விழுந்ததில்லை. விரலால் தொட்டு நக்கப்போனால், "அது உனக்கில்ல" என்பாள். யாருக்கு என்று எனக்கா தெரியாது? கை முழங்கையோடு நின்றுவிட்ட என் பழைய ஸ்வெட்டரை அவனுக்கு எடுத்து வைத்துவிடுவார்களே என்று, மூச்சு முட்ட அதையே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பொறுக்க முடியாதது வேறொன்று. அம்மாவின் இடப்பக்கம் என் இடம். மதியத்தில் அங்கே போய் ஒட்டிப் படுத்தால், திடீரென்று அவள் கழுத்திலிருந்து முகம்வரை சிவந்து ஏறும், ரவிக்கை நனைந்துவிடும். போர்வையை உதறிவிட்டு, "தள்ளிப் படு கண்ணு, எரியுது" என்பாள். சற்று நேரத்தில் குளிர் நடுக்கிப் போர்வையைத் திரும்ப இழுத்துக்கொள்வாள். ஆனால் என்னைக் கூப்பிட மாட்டாள். இடத்தைக் காலி செய்து வைக்கிறாள் என்று எண்ணி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்ததால் அம்மா, "பரவால்ல டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எல்லோரும் எழுந்துவிடுவார்கள் போலிருந்தது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"பாப்பாவ எப்போ வீட்டுக்கு அனுப்புவீங்க?"

"யாவ பாப்பா, புட்டி?" எந்தப் பாப்பா என்று கன்னடத்தில் கேட்டார் டாக்டரம்மா.

"பொட்டியில கீறானே, அவன். இங்கயே வச்சுக்கோங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, பாப்பா இருப்பதாக யார் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு, என் ஆதாரங்களை வரிசையாக வைத்தேன்: மஃப்ளர், பஞ்சு, சாத்திய ஜன்னல், லேகியம், சுக்குக் காப்பி, தள்ளிப் படு. கேட்கக் கேட்க அவர் சிரிப்பு நின்றது. அம்மாவின் பக்கம் திரும்பி, "உடம்பு எரியுதாம்மா? வேர்த்து ஊத்துதா?" என்றார். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கியவள் வெகுநேரம் சொன்னாள்.

சினைப்பைகளை எடுத்துவிட்டதால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் வெக்கை ஒரேயடியாக வந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. மஃப்ளரைக் கழற்ற வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், ஃபேன் போட வேண்டும். மெல்லிய பருத்தி உடைகளை அடுக்கிப் போட்டு, எரியும்போது ஒன்றொன்றாகக் களைய வேண்டும். தலைமாட்டில் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். காப்பியும் காரமும் குறைய வேண்டும். ஹார்மோன் மாத்திரை தரலாமா என்பதைச் சில பரிசோதனைகள் செய்து பார்த்தபின் சொல்வதாகவும் சொன்னார்.

கிளம்பும் சமயம் பெரியம்மா தணிந்த குரலில், "இந்த ஃபேனு, பருத்திச் சேல எல்லாம் எனக்கும் ஆவுமா டாக்டரு? எனக்கு நாலஞ்சு வருஷமா எரியுது" என்றாள்.

"அத ஏன்க்கா என்கிட்ட சொல்லல?" என்றாள் அம்மா.

"நீ மட்டும் சொன்னியாக்கும்."

ஆட்டோவில் நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அவள் தள்ளச் சொல்லவில்லை. உறுதி செய்துகொள்வதற்காக, "அப்போ பாப்பாவே கெடையாதா? இனிமேலும் வராதா?" என்று கேட்டேன்.

"வராது."

"நல்லதாப் போச்சு" என்றேன். வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னது அதற்கு வெகுநாள் முன்பே. அம்மாதான் தள்ளிப்போட்டு வந்தாள் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் என்கிறார் அப்பா. இன்னொன்று பிறக்கும் என்று காத்திருந்தாள் என்கிறாள் பெரியம்மா. அம்மாவைக் கேட்டால், "ஞாபகம் இல்ல" என்று வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறாள். இரண்டில் எது உண்மை என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.