அப்பு போட்ட சிலுவை

யாழ்ப்பாணக் கோட்டையில் சண்டை தொடங்கிய வருடம் நாங்கள் கொழும்புத்துறையை விட்டு நீர்வேலிக்கு வந்தோம். தகப்பனை நான் அப்பு என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய வள்ளம் ஷெல் பட்டு இரண்டாகிக் கிடந்தது. கடலில் இறங்கவும் வழியில்லை. வாழைத் தோட்டம் ஒன்றில் அவர் கூலிக்கு நின்றார். தோட்டக்காரரின் கொட்டிலில் இருந்தோம். வீட்டிலிருந்து அப்பு தூக்கி வந்தது மாதா சுரூபத்தை மட்டும்தான்.

என்னை அங்கிருந்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் சேர்த்தார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேதக்காரனும் நான் ஒருவன். கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

காலையில் தேவாரம் முடிந்ததும் மாணவத் தலைவன் திருநீற்றுத் தட்டோடு வரிசை நெடுகிலும் வருவான். முதல் நாள் நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன். அவன் ஒரு கையால் என் பிடரியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மூன்று விரல் இழுத்துவிட்டான். கோபமெல்லாம் இல்லை, அழுகிற பிள்ளைக்குத் தைலம் பூசுவது போல. வரும் வழியில் தோட்டத்து வாய்க்காலில் கழுவினேன். முழுதாகப் போகவில்லை.

"நெத்தியிலை என்னடா?" என்றார் அப்பு.

"சோக்குத் தூள்."

சமய பாடம் வந்தால் நான் வெளியே போய் விறாந்தையில் நிற்பேன். "டேய் வேதம், இண்டைக்கும் வெளிவீதியோ? சாமி சுத்தி முடிஞ்சாப் பிறகு உள்ளுக்கு வா" என்று யன்னலால் யாராவது கத்துவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சில நாள் நானும் சிரித்தேன்.

ஒருநாள் வகுப்பாசிரியர் பள்ளி விட்ட பிறகு என்னை மறித்தார்.

"உனக்குப் படிப்பிக்க இஞ்சை ஆளில்லை. ஓ.எல். சோதினையிலை சமயம் பெயில் விட்டியெண்டால் பிறகு என்னெண்டு மேலை போவாய்?"

"எங்கடை சுவாமியிட்டைக் கேட்டுப் பாக்கிறன் சேர்."

"உங்கடை சுவாமி எங்கையெண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது. எங்கள் பங்குச் சுவாமி, கோயில் பாதிரியார், சனத்தோடு சனமாக எந்தப் பக்கம் போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"சைவத்தை எடு. நீ கெட்டிக்காரன், பாடமாக்கிப் போடுவாய். உங்களுக்கும் விபூதிப் புதன் எண்டு ஒண்டு இருக்குதானே? உங்களுக்கு வருசத்திலை ஒருநாள், எங்களுக்கு ஒவ்வொரு நாளும். உவ்வளவுதான் வித்தியாசம்."

அவரவர் சமயத்தைப் படிக்கச் சட்டத்தில் இடமிருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அப்போது அவர் தந்த சம்மதக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். தகப்பன் ஒப்பம் வைக்க வேண்டும்.

அப்புவுக்குக் கையெழுத்துத் தெரியாது. ஆனால் கைநாட்டும் வைக்கமாட்டார். பேனையைத் துடுப்பைப் போல இறுக்கிப் பிடித்து நிமிர்ந்த சிலுவை ஒன்று கீறுவார். மீன்பிடிச் சங்கக் கந்தோரில் கிளாக்கர் ஒருமுறை, "உதென்ன, வோட்டுப் போடுறியோ? புள்ளடி செல்லாது, பெருவிரலைத் தா" என்றாராம். "புள்ளடி இல்லை ஐயா, சிலுவை. சிலுவை போட்டுட்டுப் பொய் சொல்லேலாது" என்று சொல்லி, அதையே ஏற்க வைத்துவிட்டு வந்தவர்.

கடிதத்தில், 'எனது மகன் சைவ சமய பாடத்தைக் கற்கவும் பரீட்சை எழுதவும் முழுமனதோடு சம்மதிக்கிறேன்' என்று இருந்தது. அப்பு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். சைவம் இருந்த இடத்தில் கத்தோலிக்கம் என்றேன்.

"அப்ப சேர்மார் ஓமெண்டிட்டினமோ?"

"ஓம் அப்பு."

"நல்ல மனிசர்," என்று சொல்லிச் சிலுவை போட்டார். தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு சீப்புக் கதலிப்பழமும் வாங்கித் தந்தார், சேருக்குக் கொடுக்கச் சொல்லி. சேர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "உன்ரை அப்பு பெரிய மனமுள்ள மனிசன்" என்றார். பழத்தையும் வாங்கினார்.

பிறகு நான் உள்ளே இருந்து படித்தேன். காலையில் நெற்றியை நானே நீட்டினேன். பதுங்குகுழிக்கும் மேசைக்குமாக ஓடித்தான் சோதினைக்குப் படித்தேன். சைவத்துக்கு அதிவிசேட சித்தி கிடைத்தது. மற்றப் பாடங்களிலும் சித்தி.

அந்த மாதம் பக்கத்து ஊர் வேதக்கார வீடொன்றில் பூசை வைக்கச் சுவாமி ஒருவர் வந்தார். அப்பு என்னிடம் சொல்லாமல் பெறுபேற்றுத் தாளைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார், ஆசீர்வதித்து வாங்க. சுவாமி அதை வாசித்திருக்கிறார்.

அப்பு திரும்பி வந்து கொட்டில் வாசலில் நின்றார்.

"அண்டைக்கு நீ எனக்கு வாசிச்சது என்ன?"

சொன்னேன்.

"சோக்குத் தூளும் உதுதானோ?"

"ஓம்."

அவர் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். தாளை என் கையில் தந்துவிட்டு, மாதா சுரூபத்தை எடுத்துத் துவாயால் துடைத்து வைத்தார். பிறகு வாழைக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு தென்மராட்சிக்கு ஓடினோம். நிவாரண அட்டைக்காகப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அப்பு பெருவிரலை நீட்டினார்.

"கையெழுத்து வைக்கமாட்டியளோ ஐயா?" என்றார் கிளாக்கர்.

"தெரியாது."

"அப்ப படிவத்திலை என்ன கிடக்கெண்டு கேட்டிட்டு வையுங்கோ. மகன் படிச்ச பிள்ளைபோலை, வாசிச்சுக் காட்டட்டும்."

நான் கையை நீட்டினேன். அப்பு படிவத்தைக் கிளாக்கர் பக்கம் திருப்பி வைத்தார்.

"வேண்டாம் தம்பி. நீங்களே வாசியுங்கோ," என்றார்.