முந்நூறு லைக் வாங்கிய பதிவு

ஏழு கடலுக்கு அப்பாலும் வாசகர்கள் உள்ள வலைப்பூ என்னுடையது. தொடங்கி இரண்டு மாதம்தான்.

என் மனைவி ரோசம்மா காலமானதைப் பற்றிப் போன வாரம் அதில் எழுதினேன். விஷயத்தைச் சொல்லிவிட்டால் யார் உள்ளே வருவார்கள்? ஆகவே ஃபேஸ்புக்கில் ‘உலகமே காணாத பதிவு’ என்று லிங்க் மட்டும் போட்டேன். முந்நூறு லைக்!

இன்று தக்கலை பஸ்ஸில், மஸ்கட்டில் என்னோடு வேலை பார்த்த தாசன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, மொத லைக்கு நான்தாம்லா!”

“வாசிச்சியாடே?”

“பின்னே! பிரமாதம். ரோசம்மா மைனி சுகமாட்டு இருக்காவளா?”

“சுகம்டே. இப்பவும் என்னை ஏசிட்டுதான் இருக்கா” என்றேன்.

இந்தப் பதிவுக்கு லிங்க் கிடையாது. முழுவதையும் இங்கே ஃபேஸ்புக்கிலேயே எழுதிவிட்டேன். வாசித்தவர்கள் லைக் போட வேண்டாம். அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுங்கள்.