அப்பாவின் கையில் ஒட்டிய தோல்

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், மடப்பள்ளியில் கொதிக்கிற நெய் அப்பாவின் வலது புறங்கையில் கொட்டிவிட்டது. ஆனையூர்ப் பக்கம் ஒரு சிவன் கோயிலில் அவர் குருக்கள். நான் பள்ளிக்கூட டீச்சர். அம்மா இல்லாத வீட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள் நான்தான்.

தொடைத்தோலை எடுத்துக் கையில் வைக்காவிட்டால் விரல்கள் கோணிப்போகும் என்றார் டாக்டர். தையல் வேண்டாம், ஒட்டிவிடலாமாம். ரத்தத்தை உறையவைக்கும் சத்தை அப்பாவின் ரத்தத்திலிருந்தே பிரித்து, இன்னொரு மருந்தோடு சேர்த்தால் பசைபோல உறைந்து தோலைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"அந்த இன்னொரு மருந்து எதுலேர்ந்து டாக்டர்?" சும்மாதான் கேட்டேன்.

"மாட்டு ரத்தத்துலருந்தும்மா. கொஞ்சம்தான்."

கொஞ்சமாவது மண்ணாங்கட்டியாவது! அப்பா கேட்டால் அப்படியே எழுந்து நடையைக் கட்டிவிடுவார். சொல்லாவிட்டால் கை பிழைக்கும். சுவாமியைத் தொட்டு அபிஷேகம் செய்வதைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது. கையெழுத்துப் போட்டேன். பயமோ அழுகையோ வரவில்லை. வெளியே வந்து காபி குடித்தேன். அதில் சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். தோல் நன்றாகப் பிடித்திருந்தது.

"ஒரு தையல்கூடக் காணோமே, என்னத்தை வெச்சுடி ஒட்டினா?" என்றார் அப்பா.

"உங்க ரத்தத்தை வெச்சுதான்ப்பா."

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதே பெருமை. "என் ரத்தமே எனக்குப் பசை!" என்பார். நான் ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதம் கழித்துக் கையைக் காட்டப் போனபோது டாக்டரிடமும் அதையே சொன்னார். "பாதிதான் உங்களுது சாமி, மீதி மாட்டோடது" என்று டாக்டர் சிரித்தார். அவர்மேல் தப்பில்லை. சொல்லாதீர்கள் என்று நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பஸ்ஸில் அப்பா வலது கையை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். இறங்கியதும் கேட்டார்.

"நோக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பேன்."

"அதான் சொல்லலை. பிராயச்சித்தம் பண்ணிக்கலாமேப்பா."

"உள்ளே ஒட்டினதை எங்கேடி கழுவறது?"

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுநாளே பூஜை முறையைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். அப்பா கருவறைக்கு வெளியே, எங்களோடு கூட்டத்தில் நின்றார். உள்ளே சித்தப்பா தீபாராதனை காட்டினார். அப்பா கைகளைக் குவித்தார். வலது கை விரல் ஐந்தும் கொஞ்சமும் கோணாமல் நேராக நின்றன.